ஃப்ரெயிட் ட்ரெயின் வாசிக்க பேட்டர்ன் முதலில் வேண்டுமா, மெட்டு முதலில் வேண்டுமா?

கோவை_ரயில்:
அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி எலிசபெத் காட்டனின் 'ஃப்ரெயிட் ட்ரெயின்' பாட்டை கிட்டாரில் ஃபிங்கர்ஸ்டைலில், அதாவது விரல்களால் மீட்டி, கற்றுக்கொண்டிருக்கிறேன். சி, ஜி7, ஈ, எஃப் என்று நான்கே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்). டிராவிஸ் பேட்டர்ன், அதாவது கட்டைவிரல் தடித்த பேஸ் கம்பிகளில் மாறி மாறி இறங்க மற்ற விரல்கள் இடையில் மீட்டும் வரிசை, கைக்கு வந்துவிட்டது, நான்கு கார்டிலும் நிற்காமல் ஓட்டுகிறேன். ஆனால் மெட்டைச் சேர்த்தவுடன் எல்லாம் கலைகிறது. மெட்டு வாசிக்கும் மெல்லிய கம்பியில் விரல் எப்போது விழுகிறதோ அப்போதே கட்டைவிரலும் விழப் பார்க்கிறது, இல்லையென்றால் பேஸ் அப்படியே நின்றுபோகிறது. பேட்டர்னை இன்னும் பழகு என்கிறார் வகுப்பில் சொல்லித் தருபவர். பேட்டர்னைத் தூக்கிப் போடு என்கிறான் கூட வாசிக்கும் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?

ஆறுகம்பி:
வாத்தியார் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. நண்பர் ஏற்கனவே கை பழகியவராக இருப்பார், அதனால் அவருக்குச் சொல்வது சுலபம்.

இந்த வாசிப்பின் உயிர் கட்டைவிரலில்தான் இருக்கிறது. நாலு எண்ணிக்கைக்கும் தவறாமல் அது இறங்க வேண்டும். சி கார்டில் 5ஆம் கம்பி, 4ஆம் கம்பி, மறுபடி 5, மறுபடி 4 (மிகத் தடித்த கம்பி 6, மிக மெல்லியது 1). ஜி7க்கும் ஈக்கும் 6, 4, 6, 4. இதன் மேல் விரல்கள் எப்படி ஏறும் என்றால், ஒன்றில் கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து கிள்ளும். இரண்டில் கட்டைவிரல், அதற்கும் மூன்றுக்கும் நடுவில் ஆள்காட்டி. மூன்றில் கட்டைவிரல், அதற்கும் நான்குக்கும் நடுவில் நடுவிரல். நான்கில் கட்டைவிரல் மட்டும். பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிக்கொண்டே இதை வாசிக்க முடிய வேண்டும். அதுவரை மெட்டுப் பக்கமே போகாதீர்கள்.

செவிவழி:
இந்த அறிவுரையைக் கேட்டுத்தான் பலர் வருஷக்கணக்காக ஒரே பேட்டர்னை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாட்டு முழுசாக வராது.

கோவை, உங்கள் சிக்கலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பேட்டர்ன் வருகிறது, மெட்டு சேர்ந்தால் குலைகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் குறை பேட்டர்னில் இல்லை. அந்தப் பேட்டர்னில் விரல் விழும் இடம் ஏற்கனவே முடிவாகிவிட்டது. 'ஃப்ரெயிட் ட்ரெயின்' மெட்டோ தனக்கு வேண்டிய இடத்தில் விழுகிறது. சில சுரம் எண்ணிக்கையின் மேலேயே வரும், சில அரை எண்ணிக்கை தள்ளி வரும், சில நீண்டு நிற்கும். பேட்டர்னில் ஊறிய கை மெட்டைத் தன் அச்சுக்குள் திணிக்கப் பார்க்கும். இன்னும் ஆயிரம் தடவை பேட்டர்ன் ஓட்டினால் அச்சு இன்னும் கெட்டியாகும், வேறொன்றும் ஆகாது.

இன்னொன்று, காட்டன் அம்மா இடது கைக்காரர். வலது கைக்காரருக்கான கிட்டாரை, கம்பி மாற்றாமல், அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தவர். பேஸ் கம்பிகள் அவருக்குக் கீழே தரைப் பக்கம் இருந்தன. ஆகவே பேஸை விரலால் வாசித்தார், மெட்டைக் கட்டைவிரலால் வாசித்தார்! நீங்கள் புனிதமாகச் சொல்லும் 'கட்டைவிரல்தான் உயிர்' அந்தப் பாட்டை உண்டாக்கியவரின் கையிலேயே இல்லை.

ஆறுகம்பி:
அது எனக்கும் தெரியும் செவிவழி. ஆனால் அவர் கையிலும் பேஸ் தடம் மாறாமல் நடந்தது. எந்த விரல் நடத்தியது என்பது இரண்டாம் விஷயம். சின்ன வயதில் தானாகக் கற்றுக்கொண்டவர் அவர். கோவை வளர்ந்தபின் வகுப்புக்குப் போய்க் கற்கிறார். காட்டனை உதாரணம் காட்டி, பழகாத கைக்கு 'காதால் கேட்டு வாசி' என்பது, புள்ளி வைக்கத் தெரியாதவரிடம் சிக்குக் கோலம் போடச் சொல்வது மாதிரி.

செவிவழி:
புள்ளி வைக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? புள்ளி மட்டும் வைத்துவிட்டு வாசலை விட்டு எழுந்து போகாதீர்கள் என்கிறேன்.

நகக்கண்:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் கிளாசிகல் பக்கம். ஆறுகம்பி ஐயா சொல்வதில் பழைய நியாயம் ஒன்று உண்டு. கிட்டார் கலைஞர் மௌரோ ஜூலியானி 1812இல் வியன்னாவில் வலது கைக்காக மட்டும் 120 பயிற்சிகள் வெளியிட்டார். இடது கை ஏறக்குறைய சும்மா இருக்கும். சி, ஜி7, இரண்டே கார்ட். உங்கள் பாட்டின் முதல் இரண்டு கார்டும் அவைதான்! வலது கையைத் தனியாகப் பிரித்துப் பழக்குவது இருநூறு வருஷமாக நடக்கும் வேலை.

ஆனால் பேட்டர்ன் ஒன்றே ஒன்று என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவர் 120 கொடுத்தார். நீங்கள் ஒன்றைக் கொடுத்து அதிலேயே கட்டிப்போடுகிறீர்கள். மோதிர விரலுக்கு வேலையே தரவில்லை. மூன்று கம்பிக்கு மூன்று விரல் என்று ஒதுக்கிவிட்டால் எந்த வரிசையும் எந்த நேரத்திலும் வரும்.

செவிவழி:
நகக்கண், ஜூலியானி நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கைக்கு அது பழக்குவது அர்பெஜியோ, அதாவது ஒரு கார்டின் சுரங்களைப் பிரித்து ஓடவிடுவது. கோவைக்கு வேண்டியது வேறு. கீழே ஒரு குரல் நடந்துகொண்டே இருக்கும், மேலே இன்னொரு குரல் அதை லட்சியம் செய்யாமல் பாடும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கப் பழகாதவருக்கு 120 பயிற்சி முடித்தாலும் இது வராது.

மோதிர விரல் விஷயமும் அப்படித்தான். இந்தப் பேட்டர்னுக்குப் பெயர் தந்த மெர்ல் டிராவிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் மட்டும் வைத்தே வாசித்தவர். ப்ளூஸ் கிட்டார்காரர் ரெவரெண்ட் கேரி டேவிஸும் அதே இரண்டு விரல். விரல் எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று காணொளிகளில் 'டிராவிஸ் பேட்டர்ன்' என்று சொல்லித் தரும் எட்டுத் தட்டை டிராவிஸ் அப்படியே வாசிக்கவே இல்லை. கென்டக்கியின் மூலன்பெர்க் பக்கத்து ஆட்களிடம் அவர் கற்ற பாணி அது. உள்ளங்கையைப் பேஸ் கம்பிமேல் லேசாக வைத்து ஒலியை அமுக்குவார், கட்டைவிரல் சில இடங்களில் இரண்டு மூன்று கம்பியைச் சேர்த்தே உரசும். அந்த வாசிப்பில் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து ஆரம்பக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கோவை_ரயில்:
விவாதம் நன்றாகப் போகிறது, எனக்குத்தான் குழப்பம் கூடுகிறது 🙂 ஒரு சின்னக் கேள்வி. சுண்டுவிரலை கிட்டார் பலகையில் ஊன்றிக்கொண்டு வாசிக்கிறேன். வகுப்பில் அதைத் தப்பு என்றார்கள். தப்பா?

நகக்கண்:
தப்பு. ஊன்றினால் மோதிர விரல் பாதி கட்டுப்பட்டுவிடும். ஊன்றிய விரலும் பலகையின் அதிர்வைக் கொஞ்சம் அமுக்கும்.

ஆறுகம்பி:
தப்பே இல்லை. ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் வாசிக்கும் படங்களைப் பாருங்கள், விரல் பலகையில்தான் இருக்கும். 1928இல் ஒலிப்பதிவு செய்தவர். பிறகு ஆளே காணோம். 1963இல் அவலான் என்ற ஊரில் தேடிக் கண்டுபிடித்தார்கள், அப்போதும் அந்தக் கட்டைவிரல் அசரவில்லை. ஊன்றுவதால் கெட்டுப்போகும் வாசிப்பு என்றால் அவருடையது எப்போதோ கெட்டிருக்க வேண்டும். இந்த இடத்தில் செவிவழியும் என் பக்கம் வருவார் என்று நினைக்கிறேன்.

செவிவழி:
வருகிறேன். இந்த ஒரு இடத்தில் மட்டும்.

தெம்மாங்குப்_பித்தன்:
நாட்டுப்புறப் பாட்டு என்று சொல்லிவிட்டு கென்டக்கி, மிசிசிப்பி என்றே போகிறீர்களே. இந்தப் பேட்டர்னை வைத்து நம் பாட்டு வாசிக்க முடியாதா?

செவிவழி:
முடியும், ஆனால் இதே பேட்டர்னில் பெரும்பாலும் உட்காராது. நம் நாட்டுப்புற மெட்டுகளில் பல திஸ்ர நடையில், மும்மூன்றாகப் போகும். டிராவிஸ் பாணி நாலு நாலாக நடக்கும். நாலு தட்டும் கட்டைவிரலை மூன்றில் ஓட்டினால் பேஸ் ஒவ்வொரு சுற்றிலும் தலைகீழாகும். அதற்குக் கட்டைவிரலை மூன்றுக்கு ஒரு முறை மட்டும் இறக்கி, மீதி இரண்டை விரலுக்கு விட வேண்டும். தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம்.

ஆனால் பாருங்கள், இதுவும் என் கட்சிக்குத்தான் சாட்சி. ஒரு பேட்டர்னைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைத் தேடினால் இப்படித்தான் ஆகும்.

ஆறுகம்பி:
சரி, என் தரப்பை ஒழுங்காகச் சொல்கிறேன். 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' என்ற பழைய பாட்டு எல்லோருக்கும் தெரியும். அனிமல்ஸ் குழு 1964இல் வெளியிட்ட வடிவத்தில் கிட்டார் ஆரம்பம் முதல் ஒரே அர்பெஜியோதான். கார்ட் மாறுகிறது, கை மாறவில்லை. அந்தப் பாட்டு அதனால் குறைந்தா போயிற்று? மெட்டைத் தொண்டை எடுத்துக்கொள்கிறது, கை தாளத்தைப் பார்த்துக்கொள்கிறது.

'ஃப்ரெயிட் ட்ரெயினும்' பாடுகிற பாட்டுத்தான். காட்டன் பாடிக்கொண்டே வாசித்தவர். கோவை முதலில் பேட்டர்னை ஓட்டிக்கொண்டு வாயால் பாடட்டும். மெட்டு எங்கே கட்டைவிரலோடு சேர்கிறது, எங்கே விலகுகிறது என்று உடம்புக்கே தெரிந்துவிடும். அதன்பிறகு விரலுக்கு மாற்றுவது சின்ன வேலை. இதில் எங்கே அச்சு, எங்கே திணிப்பு?

செவிவழி:
பாடச் சொன்னது நல்ல யோசனை. இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அங்கே நீங்கள் 'மெட்டுப் பக்கமே போகாதே' என்றீர்கள்!

ஆனால் பாட்டிலிருந்து விரலுக்கு மாற்றுவது சின்ன வேலை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. கோவை மாட்டிக்கொண்டிருப்பதே அங்கேதான். கோவை, நான் சொல்லித் தருகிறவர்களுக்குச் செய்யச் சொல்வது இது. டேப் தாளை (எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்று எண்ணால் எழுதிய தாள்) மூடி வையுங்கள். பரவலாக வாசிக்கப்படும் வடிவத்தில் பாட்டு 16 பார் (ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை). சி இரண்டு, ஜி7 நான்கு, சி இரண்டு, ஈ இரண்டு, எஃப் இரண்டு, கடைசி நான்கில் சி, ஜி7, சி, சி. இதற்குப் பேஸ் மட்டும் வாசியுங்கள், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில். வாய் மெட்டை முனகட்டும்.

அடுத்து, மெட்டில் எண்ணிக்கையின் மேல் விழும் சுரங்களை மட்டும் எடுங்கள். அவை எல்லாம் கட்டைவிரலோடு சேர்ந்து கிள்ளுவதுதான், அதனால் கை குழம்பாது. நடுவில் விழும் சுரங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஓட்டையாக இருந்தாலும் பாட்டு என்று அடையாளம் தெரியும், அந்தச் சந்தோஷம் முக்கியம். அப்புறம் இரண்டு பாரில் ஒரே ஒரு இடைச்சுரத்தைச் சேருங்கள். கட்டைவிரல் இறங்குகிறது, விரல், கட்டைவிரல். அந்த மூன்று அசைவை மட்டும் நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள், மெட்ரோனோமை அணைத்துவிட்டு. உங்கள் பேஸ் நிற்கிறது என்றீர்களே, அது கண்டிப்பாக இப்படிப்பட்ட ஒரு இடைச்சுரத்தில்தான் நிற்கும். பாட்டு முழுவதும் நிற்காது. எந்த இடம் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

மெட்டு இல்லாத இடங்களில், சுரம் நீண்டு நிற்கும் இடங்களில், கை சும்மா இருக்க வேண்டாம். அங்கே ஆறுகம்பியின் பேட்டர்னைப் போட்டு நிரப்புங்கள். பேட்டர்னுக்கு உரிய இடம் அதுதான்.

ஆறுகம்பி:
நிரப்புவதற்கு அந்தப் பேட்டர்ன் கையில் இருக்க வேண்டுமே! அதைத்தான் முதலில் பழகு என்றேன். ஏற்கனவே பேட்டர்ன் வந்த கைக்கு உங்கள் வழி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒன்றுமே தெரியாத கையை 'பேஸ் மட்டும், பிறகு கிள்ளு' என்று விட்டால், கிள்ளுவதிலேயே நின்றுவிடும். எல்லாச் சுரமும் எண்ணிக்கைமேல் விழும், பாட்டு நொண்டும். அப்படி வாசிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடைவெளியில் விரலைப் போடும் துணிச்சலே பேட்டர்ன் கொடுப்பதுதான்.

செவிவழி:
அந்த ஆபத்து உண்டு. அதனால்தான் கிள்ளும் கட்டத்தில் யாரையும் நீண்ட நாள் விடுவதில்லை. இருந்தாலும் நொண்டுகிற பாட்டைச் சரிசெய்து நடக்க வைக்கலாம். பாட்டே இல்லாத பேட்டர்னை என்ன செய்வது?

நகக்கண்:
இரண்டு பேரும் ஒரே பாட்டின் இரண்டு முனையில் நின்று கத்துகிறீர்கள். நான் இன்னும் மோதிர விரலுக்காகத்தான் வாதாடுகிறேன், யாரும் காதில் வாங்கவில்லை.

கோவை_ரயில்:
செவிவழி அண்ணா சொன்னபடி தேடிப் பார்த்தேன். பேஸ் நிற்பது பாட்டு முழுவதும் இல்லை, ஈயிலிருந்து எஃப்புக்குப் போகும் இடத்தில்தான். சி, ஜி7இல் மெதுவாக வாசித்தால் தாங்குகிறது. அப்படியென்றால் இது வலது கைப் பிரச்சினையே இல்லையோ? எஃப்பைப் பார்ரேயாக, ஆள்காட்டியால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறேன்.

செவிவழி:
அதுதான் வில்லன். பார்ரே பிடித்தால் மெட்டுக்கு விரல் மிஞ்சாது. சுண்டுவிரல் எட்ட வேண்டிய சுரங்களுக்கு அது பூட்டுப்போட்ட மாதிரி. கழுத்துக்கு மேலாகக் கட்டைவிரலைச் சுற்றிக் கொண்டுவந்து 6ஆம் கம்பியின் முதல் ஃப்ரெட்டை (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் முதல் கட்டத்தை) அழுத்துங்கள். பேஸ் 6, 4, 6, 4 என்றே போகும், ஈயில் நடந்த அதே வழி, வலது கைக்கு மாற்றமே தெரியாது.

ஆறுகம்பி:
சின்னக் கை என்றால் கட்டைவிரல் எட்டாது, மணிக்கட்டு வலிக்கும். அப்போது மெல்லிய நான்கு கம்பியில் சின்ன எஃப் பிடித்து, பேஸை 4, 3, 4, 3 என்று ஓட்டுங்கள். பேஸ் கொஞ்சம் மெலிந்து கேட்கும், பரவாயில்லை. இரண்டாவது ஃப்ரெட்டில் காப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டுப் பாருங்கள், நட் (கழுத்து நுனியில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) உயரமான கிட்டாராக இருந்தால் அழுத்துவது உடனே இலகுவாகும். கம்பியின் தடிமன் 12 கேஜ் என்றால் 11க்கு மாற்றுங்கள்.

கோவை_ரயில்:
கட்டைவிரல் எட்டுகிறது, ஆனால் 5ஆம் கம்பியும் சேர்ந்து ஒலிக்கிறது.

செவிவழி:
கட்டைவிரல் நுனி லேசாக 5ஆம் கம்பியைத் தொடட்டும், அது செத்துவிடும். உங்கள் பேஸில் அந்தக் கம்பி எஃப்புக்குத் தேவையே இல்லை. ஈ, எஃப், ஈ, எஃப் என்று அந்த இரண்டு கார்டை மட்டும், மெட்டில்லாமல், பேஸ் நிற்காத வேகத்தில் வாசியுங்கள்.

ஆறுகம்பி:
அதாவது, பேட்டர்ன்.

செவிவழி:
ஐயா, நாலு பார்தான்.