பறையும் கிட்டாரும் ஒரே மேடையில்: பாட்டு வரி ஏன் அமுங்குகிறது?

தொடங்கியவர்

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது அதில் 19 பேர். கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். இப்போது கிளம்பும் நாட்டார்-பாப் குழுக்கள் அவ்வளவு பெரியவை அல்ல. ஒரு கிட்டார், ஒரு பேஸ், கீபோர்டு, டோலக், இரண்டு பறை, சில பாட்டுக்கு ஒரு நாதஸ்வரம், அவ்வளவுதான். ஆனால் கூட்டம் கலையும்போது காதில் விழும் பேச்சு மட்டும் மாறுவதில்லை: "அடி சூப்பர்பா, பாடினதுதான் ஒண்ணும் புரியல."

ஒலி மேசையில் இருப்பவர், பறை, கிட்டார், டிரம்ஸ் வாசிப்பவர், பாடகர் என எல்லோரும் அவரவர் இடத்திலிருந்து, மேடையில் எதைச் செய்தால் இது சரியாகிறது, எது சரியாவதில்லை என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், கணக்கு வேண்டும்.

ஒலி மேசை

பாதிக் கோளாறு பறை நிற்கும் இடத்தில்தான். வழக்கமாகப் பறைக்காரர்களைப் பாடகருக்குப் பின்னால் நிறுத்துவார்கள், டிரம் செட்டை வைப்பது மாதிரி. பாடும் மைக் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அது பாடகரின் முகத்தைப் பார்க்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்தே பார்க்கிறது. மேடையில் வழக்கமாகப் பாடும் கார்டியாய்டு வகை மைக்குக்குக் காது கேட்காத இடம் அதன் வால் பக்கம், அதாவது கூட்டம் இருக்கும் பக்கம். பின்னால் அடிக்கிற பறை நேராக மைக்கின் வாய்க்குள் போகிறது. பாட்டு கேட்கவில்லையென்று அந்த மைக்கை ஏற்றினால் பறையும் கூடவே ஏறும். எத்தனை முறை ஏற்றினாலும் இதே கதைதான்.

பறையைப் பாடகருக்குப் பக்கவாட்டில், முடிந்தால் ஓரடி முன்னால், மேடையின் ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். கார்டியாய்டு பக்கவாட்டில் 6 டெசிபல் குறைவாகக் கேட்கும். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக்கில் இன்னும் குறைவு, அதன் செவிட்டுக் கோணம் மைக்கின் முகத்திலிருந்து சுமார் 125 டிகிரியில் இருக்கிறது. திறந்தவெளியில் ஒன்றரை மீட்டரில் நிற்கும் பறையை மூன்று மீட்டருக்குத் தள்ளினால் இன்னொரு 6 டெசிபல் போகும். ஈக்வலைசரில் அரை மணி நேரம் திருகினாலும் இது கிடைக்காது.

பாடகர் தன் குரலைக் கேட்க அவரைப் பார்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரும் இதே கணக்கில்தான். கார்டியாய்டுக்கு நேர் எதிரே ஒன்று. சூப்பர்கார்டியாய்டுக்கு நேர் எதிரே வைத்தால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய்க் கூவும், இரண்டு பக்கமும் சாய்த்து வையுங்கள்.

பறை

மேலே எழுதியவர் சொன்ன இடம் சரி. சின்ன அரங்கில் பறைக்கு மைக்கே வேண்டாம். பெரிய மைதானத்தில் வேண்டும் என்றால் ஸ்டாண்டு மைக் உதவாது, ஆடிக்கொண்டே அடிப்பவர் இரண்டாவது அடவிலேயே அதை விட்டு நகர்ந்துவிடுவார். பறையின் கட்டையில் (தோலைத் தாங்கும் மரச் சட்டத்தில்) மாட்டும் கிளிப் மைக் நல்லது. ஆனால் இடது கையின் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி ஓரத்தில் உழலும் இடத்தில் மாட்டினால் குச்சி மைக்கில் படும். மேல் விளிம்பில், கட்டையின் பின்புறமாக மாட்டுங்கள். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு மைக் வைக்கிறவர்கள் பின் மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) மேசையில் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் வலது கையின் தடித்த அடிக்குச்சி நடுவில் விழும்போது வரும் கனமான சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும், சிண்டுக்குச்சியின் கீச்சு மட்டும் மிஞ்சும்.

தோல் பறை பனியில் தொய்யும். மார்கழி ராத்திரியில் கடற்கரைப் பக்கம் மேடை என்றால் நாலைந்து பாட்டு தாங்கினால் அதிகம். தோலைக் காய்ச்சி மறுபடி இறுக்க அரங்குக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள். அதனால் காய்ச்சும் இடத்தை முன்கூட்டியே வெளியே கேட்டு வாங்கி, காய்ந்த வைக்கோல், காகிதம் தயாராக வைத்திருங்கள். பறை வராத பாட்டுகளை நிகழ்ச்சியின் நடுவில் சேர்த்துப் போட்டால் போய்க் காய்ச்சிவர நேரம் கிடைக்கும். அவசரத்தில் தீயை நெருங்கிக் காட்டினால் தோல் கிழியும். சிலர் ஃபைபர் பறைக்கு மாறிவிட்டார்கள். காய்ச்ச வேண்டாம், மழைக்கும் பயமில்லை. ஆனால் அதில் கணீர் என்ற சத்தம்தான் வரும், வயிற்றில் இறங்கும் அடி வராது. இரண்டில் ஒன்று தோல், ஒன்று ஃபைபர் என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

கிட்டார்

நாதஸ்வரம் சேரும் பாட்டில் சுருதியை யார் தருவது என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள். நாதஸ்வரத்தை உங்கள் டியூனருக்கு இழுக்க முடியாது, கிட்டார்தான் போக வேண்டும். நாதஸ்வரத்தின் சுருதி இரண்டரைக் கட்டை என்றால் டி ஷார்ப். கேப்போவை (கம்பிகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கவ்வியை) முதல் கட்டத்தில் போட்டு டி வடிவங்களில் வாசிக்கலாம், மூன்றாவதில் போட்டு சி வடிவங்களிலும் வாசிக்கலாம். குழல் சூடாக ஆக சுருதி கொஞ்சம் ஏறும். ஆகவே மேடைக்கு வருவதற்கு முன் பத்து நிமிடம் ஊதிவிட்டு, அதற்குப் பிறகு டியூன் செய்யுங்கள். டியூனரின் 440 என்ற எண்ணை (ஏ சுரத்தின் ஹெர்ட்ஸ்) ஒன்றிரண்டு கூட்டவேண்டி வரலாம். கீபோர்டுக்காரரிடமும் மறக்காமல் சொல்லுங்கள், அவர் மட்டும் 440இல் இருந்தால் எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிடுவார்.

அகூஸ்டிக் கிட்டார் மேடையில் 'ஊம்' என்று உறுமுவது பெரும்பாலும் 100 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள். ஒலித்துளைக்கு ரப்பர் மூடி, கிட்டாரை நேராக மேசைக்கு இணைக்கும் டிஐ பெட்டி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, இவ்வளவு போதும். சத்தம் திடீரென்று தகரம் மாதிரி ஆனால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்கிறது. கேபிள் செருகியபடி இருந்தால் வாசிக்காவிட்டாலும் அது கரையும்.

ஒலி மேசை

நாதஸ்வரத்துக்கு மைக் வைக்கும்போது அணசுக்குள் (விரிந்த வாய்க்குள்) குத்தி வைக்கிறார்கள். அப்படி வைத்தால் சில சுரம் மட்டும் பாயும், சில காணாமல் போகும், ஏனென்றால் விரல் துளைகளிலிருந்தும் ஒலி வருகிறது. உலவின் (நீண்ட குழலின்) நடுப்பகுதியைப் பார்த்து இரண்டு மூன்றடி தள்ளி வையுங்கள்.

பாடகர் பக்கம்

கோரஸுக்கு ஐந்து மைக் திறந்து கிடந்தால் ஐந்தும் பறையைக் கேட்கும். திறந்த மைக்கின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் கூவாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும். கோரஸுக்கு இரண்டு பேருக்கு ஒரு மைக், பாடாதபோது மியூட்.

ராப் பாடுகிறவர்கள் மைக்கின் வலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க அழகாக இருக்கும். பின்பக்கத் துளை அடைபட்டதும் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும், அடுத்த நொடி கூவும். கைப்பிடியில் பிடியுங்கள். உதட்டிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் இருக்கும் மைக் 8 செ.மீ.க்குப் போனால் உங்கள் குரல் சுமார் 12 டெசிபல் இறங்குகிறது, பறை அப்படியே இருக்கிறது.

டிரம்ஸ்

லேப்டாப்பில் முன்பே பதிந்த டிராக்கையும் பறையையும் ஒரே பாட்டில் கட்டாதீர்கள். பறை அடி பெரும்பாலும் மூன்று மூன்றாக நடக்கும், உற்சாகம் ஏற ஏற காலமும் ஏறும், அதுதான் அதன் அழகு. டிராக் ஏறாது. கட்டாயம் வேண்டுமென்றால் காலம் காட்டும் கிளிக் சத்தம் டிரம்மர் காதுக்கு மட்டும், பறைக்காரர்கள் டிரம்மரைப் பார்க்கும்படி நிற்க வேண்டும். பறையை முன்னால் நகர்த்தும்போது இந்தப் பார்வை அறுந்துவிடாமல் டிரம்ஸைச் சற்று கோணலாகப் போடுங்கள்.

தொடங்கியவர்

சரி, ஒலிச் சோதனைக்கு 20 நிமிடம்தான் கிடைக்கும் விழாக்களில் எந்த வரிசை?

ஒலி மேசை

கிக் டிரம்மில் தொடங்கும் பழக்கத்தை விடுங்கள். முதலில் பறை, மைக் இல்லாமல், முழு வேகத்தில். அதுதான் அன்றைய மேடையின் அளவு. அதன்மேல் முதன்மைக் குரலைக் கேட்கும் வரை ஏற்றுங்கள். கூவாமல் அங்கே எட்டவில்லை என்றால் பறை இன்னும் இரண்டடி நகரட்டும். அதற்குப் பிறகு பேஸ், கிட்டார், மற்றவை. கடைசி ஐந்து நிமிடம் எல்லோரும் சேரும் பாட்டின் ஒரு சரணம்.

சேனல் பட்டியலை முந்தைய நாளே அனுப்புங்கள். குரல் 4, பறை 2, டோலக் 2, கிட்டார் 1, பேஸ் 1, கீபோர்டு 2, நாதஸ்வரம் 1, கஹோன் (டிரம் செட்டுக்குப் பதிலாகத் தட்டும் பெட்டி) 1, லேப்டாப் 2. ஆக 16, சின்ன மேசைக்கு அடங்கும்.

பறை

ஒன்று விட்டுப்போச்சு. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. 9:45க்கு ஆரம்பிக்கிற கடைசிப் பாட்டில் பறை ஆட்டத்தை வைத்தால் பாதியில் மைக் அணைக்கப்படும். அணைத்தாலும் பறை கேட்கும் என்பது வேறு விஷயம், பாடகர்தான் வாயசைத்துக்கொண்டு நிற்பார்.