பிசினஸ் பிராசஸ் மாடலிங்: "வேலைத்தடம்" சரியா வருமா?

> வணிகச் செயல்முறை மாதிரியாக்கம்னே வச்சுக்கலாமே, புழக்கத்துல இருக்கறதுதானே

வணக்கம் ஐயா, பிசினஸ் பிராசஸ் மாடலிங்னா ஒரு வேலை எங்க ஆரம்பிச்சு யார் யார் கை மாறி எங்க முடியுதுன்னு படமாப் போடறது. அதுக்கு நீங்க சொல்ற பேரு புழக்கத்துல இருக்குங்க, ஆனா யார் புழங்கறாங்க? திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் போடப் போனப்ப நானும் இதையேதான் தலைப்பா பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன், செக்கிங் பாக்கற அக்கா படிச்சுட்டு "மாதிரின்னா சேம்பிளுங்களா, பையருக்கு அனுப்பறதா"ன்னு கேட்டாங்க. அங்க மாதிரின்னா பீஸு. வணிகம்னா அது ஓனர் சமாச்சாரம். மூணு சொல்லுல ரெண்டு அப்பவே காலி.

அப்புறம் பிபிஎம்என் படத்தக் காட்டினேன், வேலையப் படமாப் போடறதுக்குன்னு இருக்கற குறியீட்டு முறை அது. 2011ல வந்த அதோட 2.0 பதிப்பு 2013ல ஐஎஸ்ஓ தரமாவும் ஆயிருச்சு, வட்டம் கட்டம் டைமண்டுன்னு குறி ஏகப்பட்டது. அந்தக்கா அத ஓரமா வச்சுட்டு ஒரு அட்டப்பொட்டி மூடியில பேனாவுல போட ஆரம்பிச்சாங்க, நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங்னு வரிசையா, டையிங்ல இருந்து துணி வந்ததும் ஷேடு பாக்கணும் ஒத்துவரலீன்னா திருப்பி அனுப்பணும்னு பின்னாடி ஒரு அம்பு. என் படத்துல அந்த அம்பே இல்ல, நான் கேட்டது மேனேஜர்கிட்ட மட்டும். வேலை செய்யறவங்களே படம் போடணும், அவங்களே மாத்தணும்கறதுக்குத்தான் இந்தக் கருவியெல்லாம், பேரு மட்டும் அவங்க வாயில நுழையாததா இருந்தா எப்படிங்க?

அதான் பிசினஸ் பிராசஸுக்கு வேலைத்தடம். எங்க கொங்குப் பக்கம் தடம்னா வழி, "இந்தத் தடத்துல போனா தோட்டம்"ம்பாங்க. மாடலிங்குக்கு தடம் போடறது, எழுத்துல தடவரைவு. ஒரே சிக்கல், மாத்தறதுக்கு "தடமாற்றம்"னு வைக்க முடியாது, தடம் மாறிட்டான்னா கெட்டுப்போயிட்டான்னு ஆயிரும். தடத்திருத்தம்னு வைக்கலாம்.

ஸ்விம்லேனுக்கு, அதாவது படத்துல யார் வேலை எதுன்னு பிரிச்சுக் காட்டற பட்டைக்கு, "நீச்சல்தடம்" தயவுசெஞ்சு வேண்டாம், கட்டிங் டேபிள் பக்கத்துல யாரு நீந்தறா. செக்ஷனுக்கு ஒண்ணா பிரிச்சிருக்கு, பாத்தின்னு சொன்னா போதும். கேட்வேக்கு நுழைவாயில்னு போன மடல்ல வந்துச்சு, ஆனா அந்த டைமண்டுக்குள்ள யாரும் நுழையறதில்ல, வேலை இப்படியா அப்படியான்னு பிரியற இடம் அது. மடை! தண்ணி கட்டினவங்களுக்கு விளக்கவே வேண்டாம், இத அடைச்சு அத தொறந்தா அடுத்த பாத்திக்குப் போயிரும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போற பேரலல் கேட்வே கூட ரெண்டு மடையும் தொறந்து விட்ட மாதிரிதான், அதுக்கு இணைமடைன்னா ஒத்துக்குவீங்களா?

தடம் ஒரு உவமை, பாத்தி வேற உவமைன்னு இலக்கணக்காரங்க சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். ரெண்டும் ஒரே தோட்டங்காட்டுலதாங்க இருக்கு.

விக்சனரிங்கற இணைய அகராதியில ஏத்தறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி, பேங்க், கூட்டுறவு சொசைட்டின்னு வேலை பாக்கற ஒருத்தருகிட்டயாவது விளக்கம் சொல்லாம வெறும் சொல்ல மட்டும் சொல்லிப் பாருங்க, அவங்க என்ன புரிஞ்சுக்கறாங்கன்னு அப்படியே இங்க எழுதுங்க. பாத்திய தப்பா புரிஞ்சுக்கிட்டா நானே வாபஸ் வாங்கிக்கறேன், மடைய விடமாட்டேன்.