புதுப்பிப்பு: ஜப்பானியல் போஸ்ட்டாக் விண்ணப்பம்

போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு உதவித்தொகைக்கு, ஜே.எஸ்.பி.எஸ்.ஸா (ஜப்பான் அரசின் ஆய்வு நிதி அமைப்பு), ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஜப்பானியல் மையமான ரைஷாவர் நிறுவனமா, எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, இரண்டுக்கும் போடுகிறேன்.

ரைஷாவருக்கு நாமே விண்ணப்பிக்கலாம். ஜே.எஸ்.பி.எஸ்.ஸின் பொது விண்ணப்பச் சுற்றில் அது நடக்காது. நம்மை ஏற்கும் ஜப்பானியப் பேராசிரியர்தான் தன் பல்கலைக்கழகம் வழியாக அனுப்ப வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் தனக்குள் வைக்கும் கடைசி நாள் முன்னதாகவே முடிந்துவிடும், ஜாக்கிரதை! ஜே.எஸ்.பி.எஸ்.ஸுக்கு, முனைவர் பட்டம் வாங்கி 6 ஆண்டு தாண்டியிருக்கவும் கூடாது.

என் தலைப்பு ஜப்பானின் எடோ கால (1603–1868) வாடகைப் புத்தகக் கடைகள். நான் மடல் எழுதிய கியோட்டோ பேராசிரியர் பாராட்டெல்லாம் சொல்லவில்லை. பழைய மரப்பலகை அச்சுப் பக்கம் ஒன்றை அனுப்பி, "வாசித்து எழுதுங்கள்" என்றார். எல்லாம் குஸுஷிஜி, கொடிபோலப் பின்னிய எழுத்து. எழுதி அனுப்பினேன். சில எழுத்துகளைச் சிவப்பில் திருத்தி, கீழே "சம்மதம்" என்று போட்டிருந்தார். இனி ஆய்வுத் திட்டத்தைச் சுருக்கும் வேலை.