வீடியோ டோர் போன்: கேட்டில் பேசுவது உள்ளே இரைச்சலோடு கேட்கிறது

மாடிப்படி:
நாலு ஒயர் வீடியோ டோர் போன். கேட்டுக்கும் ஹாலுக்கும் சுமார் 40 மீட்டர், கேட்-5இ நெட்வொர்க் கேபிள். ஹாலில் பேசினால் கேட்டில் தெளிவாகக் கேட்கிறது. கேட்டில் பேசுவதுதான் உள்ளே சன்னமாக, "கொர்ர்" என்ற இரைச்சலோடு வருகிறது. படம் ஓடும்போது இரைச்சல் கூடுகிறது, இருட்டிவிட்டால் இன்னும் மோசம். வால்யூமை ஏற்றினால் குரலோடு இரைச்சலும் சேர்ந்தே ஏறுகிறது. ஆரஞ்சு ஜோடியில் ஆடியோவும் வீடியோவும், நீல ஜோடியில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் போகின்றன. மிச்சம் நாலு ஒயர் சும்மா கிடக்கிறது. மைக் போய்விட்டதா, யூனிட்டையே மாற்ற வேண்டுமா?

மின்கம்பி:
யூனிட்டை மாற்ற வேண்டாம். மைக் பழுது என்றால் பகலும் இரவும் ஒரே மாதிரிதான் இருக்கும். இருட்டியதும் மோசமாகிறது என்றால் கேமராவுக்கு இருட்டில் வெளிச்சம் தரும் இன்ஃப்ராரெட் எல்இடிகள் எரிய ஆரம்பித்து மின்னோட்டம் கூடுகிறது என்று அர்த்தம். உங்கள் ஒயரிங்கில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதலாவது, ஆடியோவையும் வீடியோவையும் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியில் அனுப்பியிருப்பது. 40 மீட்டருக்கும் இரண்டும் ஒட்டிக்கொண்டே போவதால் வீடியோ சிக்னல் ஆடியோவுக்குள் கசியும். அந்தக் கொர்ர் சத்தம் பெரும்பாலும் படத்தின் சிங்க் துடிப்புதான் (திரையில் படத்தை நிலையாக நிறுத்தும் சிக்னல்). உள்ளிருந்து போகும் குரல் வலுவான சிக்னல் என்பதால் அந்தப் பக்கம் இது அமுங்கிவிடுகிறது. மைக்கிலிருந்து வருவது அப்படியில்லை.

இரண்டாவது, கிரவுண்டுக்கு ஒரே ஒயர். கேட்-5இ ஒயர் ஒன்றுக்கு 100 மீட்டருக்கு 9 ஓம் அளவில் மின்தடை உண்டு. 40 மீட்டருக்கு 3.6 ஓம், போக வர 7.2 ஓம். இரவில் யூனிட் 200 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தாலே 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதில் பாதி கிரவுண்டு ஒயரில் விழுகிறது. ஆடியோவுக்கும் திரும்பும் பாதை அதே ஒயர்தான். கேமராவின் மின்னோட்டம் துடிக்கத் துடிக்க அந்த ஏற்ற இறக்கம் ஆடியோவோடு கூடிக்கொள்கிறது.

பவரை நிறுத்திவிட்டு இப்படி மாற்றுங்கள்:
ஆரஞ்சு ஜோடி: ஆடியோ, கிரவுண்டு.
பச்சை ஜோடி: வீடியோ, கிரவுண்டு.
நீல ஜோடி: இரண்டு ஒயரும் சேர்த்து 12 வோல்ட்.
பழுப்பு ஜோடி: இரண்டும் கிரவுண்டு.
இரண்டு முனையிலும் கிரவுண்டு ஒயர் நாலையும் முறுக்கிச் சால்டர் வைத்து, ஒரு தடித்த ஒயராக டெர்மினலுக்குக் கொண்டு போங்கள். நாலையும் அந்தச் சின்ன ஸ்க்ரூவுக்குள் திணித்தால் ஒன்றாவது லூசாகும்.

வேலை முடிந்ததும் இருட்டில், படம் ஓடும்போது கேட் யூனிட்டின் டெர்மினலிலேயே வோல்டேஜ் பாருங்கள். சும்மா இருக்கும்போது அளந்தால் எப்போதும் நன்றாகத்தான் காட்டும்.

ஓம்ஸ்:
ஒயரை அவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. கேட் யூனிட்டைக் கழற்றிக் கொண்டுவந்து ஹாலில் இருக்கும் மானிட்டரோடு ஒரு மீட்டர் ஒயரில் நேராக மாட்டிப் பாருங்கள். சுத்தமாகக் கேட்டால் குற்றம் கேபிளில். அப்போதும் இரைச்சல் வந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மானிட்டருக்கு வெளி அடாப்டர் என்றால் அதே வோல்டேஜ் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒயர் முனையையும் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. மேலே சொன்ன கணக்கு அதற்குப் போதாது.

மாடிப்படி:
நேராக மாட்டியபோது இரைச்சல் இல்லை. கேபிளை மாற்றிக் கட்டியதும் கொர்ர் சத்தம் நின்றுவிட்டது. இரவில் கேட்டில் 11.5 வோல்ட் காட்டுகிறது. குரல் மட்டும் இன்னும் சன்னம்தான். வால்யூமை ஏற்றினால் இப்போது விசில் அடிக்கிறது. தவிர, கேட்டின் மின் பூட்டைத் திறக்கும்போது ஸ்பீக்கரில் "டப்" என்று ஒரு அடி.

ஓம்ஸ்:
இப்போது மைக்கைப் பார்க்கலாம். முன்துளையில் ஊசி விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கிழிந்துவிடும். மூடியைத் திறந்து துளையை வெளிப்பக்கமாக ஊதுங்கள். மைக்கைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா, அது துளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வளையம் விலகியிருந்தால் வெளிக்குரல் சரியாகப் போகாது, பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் சத்தம் நேராக மைக்குக்குப் போய்விடும். சன்னக் குரல், விசில் இரண்டுக்கும் அது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

வளையம் சரியாக இருந்தால், பேசும் நிலையில் மைக்கின் இரண்டு காலுக்கு நடுவே டிசி வோல்டேஜ் பாருங்கள். ஓரிரு வோல்ட் வர வேண்டும். சுழி என்றால் ஒன்று மைக் ஷார்ட், அல்லது போர்டிலிருந்து வோல்டேஜே வரவில்லை. வோல்டேஜ் சரி, குரல் மட்டும் சன்னம் என்றால் ஈரத்தில் மைக் சோர்ந்திருக்கும். அதே விட்டத்தில் எலெக்ட்ரெட் மைக் வாங்கிப் போடுங்கள். உலோக உறையோடு இணைந்த கால்தான் கிரவுண்டு. சால்டரிங் அயர்னை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள்.

மின்கம்பி:
"டப்" பூட்டுச் சுருளிலிருந்து வருகிறது. டிசி பூட்டு என்றால் அதன் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது), வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். ஏசி பூட்டுக்கு இதைப் போடவே கூடாது, ஷார்ட் ஆகிவிடும். பூட்டின் பவர் ஒயரைக் கேட்-5இ கேபிளுக்குள் ஓட்டாமல் தனியாக இழுத்துவிடுங்கள்.

யூனிட்டைத் திரும்பச் சுவரில் வைக்கும்போது மேல்பக்கத்திலும் இரண்டு பக்கவாட்டிலும் மட்டும் சிலிக்கான் பூசுங்கள். கீழ்ப்பக்கத்தையும் அடைத்தால் உள்ளே இறங்கும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல் புது மைக்கும் போய்விடும்.