பழைய பிக்கப்: ஆர்பிஎம் துள்ளுகிறது, 70-இல் நடுங்குகிறது. வாங்கலாமா?

பிக்கப்தேடி:
இருபது வருடம் ஓடிய பிக்கப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பெட்ரோல், ஆட்டோமேட்டிக், மீட்டரில் 2,60,000 கி.மீ. சேஸிஸில் துரு இல்லை, அதனால்தான் மனசு போகிறது. ஆனால் ஓட்டிப் பார்த்ததில் மூன்று விஷயம் உறுத்துகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கம் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் தானாக அடங்கிவிடுகிறது. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் கியர் பிடிக்கிறது. அப்புறம் 70 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போனால் ஜல்லி ரோட்டில் போவதுபோல ஒரு நடுக்கம். ஆயில் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். உண்மையா?

ஸ்பானர்கை:
முதலில் கியர் ஆயிலைப் பாருங்கள், அதுவே பாதி கதையைச் சொல்லிவிடும். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் சூடாகி, சமதரையில், ஐடிலில் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) வெள்ளைத் துணியில் துடையுங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது, லேசாகப் பழுப்பேறியிருந்தால் வயசு, கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன என்று அர்த்தம். எரிந்த தட்டைப் புது ஆயில் வளர்க்காது. அளவு குறைந்திருந்தாலும் ஆர்பிஎம் இப்படித் துள்ளும், அப்படியானால் எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும்.

நடுக்கத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. காலியான ரோட்டில், நடுங்கும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக்கை மிக லேசாகத் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிகிற அளவு போதும். டார்க் கன்வர்ட்டர் என்பது இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். பிரேக்கைத் தொட்டால் அதன் லாக்கப், அதாவது இரண்டையும் நேராகப் பூட்டும் கிளட்ச், விடுபடும். நடுக்கம் சட்டென்று நின்றால் கோளாறு அங்கேதான். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் பாருங்கள், மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இதே மாதிரிதான் நடுக்கும்.

மலைப்பாதை:
ரேடியேட்டர் மூடியையும் கழற்றிப் பாருங்கள் (இன்ஜின் ஆறிய பிறகு மட்டும்!). பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது ஓட்டையானால் கூலண்ட் (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விப்புத் திரவம்) கியர்பாக்ஸுக்குள் போய்விடும். என் பழைய பிக்கப்பில் அப்படித்தான் ஆனது. டிப்ஸ்டிக்கில் ரோஸ் மில்க் மாதிரி வந்தது, நான் அது என்னவென்று தெரியாமல் இன்னும் இரண்டு வாரம் ஓட்டினேன். தட்டுகளில் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசை தண்ணீர் பட்டால் விட்டுவிடும். கடைசியில் கியர்பாக்ஸை முழுசாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. அன்றே நிறுத்தியிருக்கலாம் என்று இன்னும் வருத்தம்தான்.

ஸ்பானர்கை:
நல்ல எச்சரிக்கை. டிக் டிக் சத்தத்தை மறந்துவிட்டேன். சூடானதும் அடங்குகிறது என்றால் எக்ஸ்ஹாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுத்துச் செல்லும் இரும்புக் குழாய்) போல்ட் உடைந்து, அந்த இடைவெளியில் புகை கசிய வாய்ப்பு அதிகம். இரும்பு சூடேறி விரிந்து இடைவெளியை மூடிக்கொள்ளும், அதனால்தான் அடங்குகிறது. சிலிண்டர் ஹெட்டுக்குள் (இன்ஜினின் மேல் பகுதி) முறிந்து நிற்கும் போல்ட்டை எடுப்பது பொறுமை வேண்டிய வேலை, ஆனால் இன்ஜினுக்கு ஆயுள் முடிந்தது என்று இல்லை. சூடான பிறகும் இன்ஜினின் அடியிலிருந்து கனமான தட்டல் சத்தம் வந்தால் மட்டும் அந்த வண்டியை வாங்காதீர்கள். சைலன்சர் புகையையும் கவனியுங்கள்: ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை என்றால் வால்வ் சீல், மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்.

பிக்கப்தேடி:
இன்று போய்ப் பார்த்தேன். பிரேக்கைத் தொட்டதும் நடுக்கம் நின்றது. ஆயில் அளவு சரி, ஆனால் துணியில் காப்பி நிறம், தீய்ந்த வாடை. மேனிஃபோல்டில் கடைசி போல்ட்டின் தலையே இல்லை. கூலண்ட் சுத்தம். இன்ஜின் பிடித்திருக்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவைக் கழித்து விலை கேட்கப்போகிறேன், ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுகிறேன்.

மலைப்பாதை:
சரியாகச் சொன்னீர்கள். பிரிக்கும்போது டார்க் கன்வர்ட்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பழையதில் தங்கியிருக்கும் துகள் புதுத் தட்டுகளையும் தின்றுவிடும்.