வீட்டு சர்வரில் பேசிக் ஆத்: டாலர் குறி படுத்திய பாடு

பழைய மடிக்கணினி ஒன்றில் டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர் என்னும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) போட்டு, புகைப்படங்கள், கோப்புகள் என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்திருக்கிறேன். முன்னால் நிற்பது டிராஃபிக் என்னும் ரிவர்ஸ் பிராக்ஸி, வரும் கோரிக்கைகளை வாங்கி உரிய செயலிக்கு அனுப்பும் வாயிற்காவலன். அதன் நிலையைக் காட்டும் டாஷ்போர்டு பக்கத்துக்குப் பேசிக் ஆத் என்னும் எளிய கடவுச்சொல் பூட்டு வைத்தேன். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி ஒழுங்காக வந்தது. சரியாகக் கொடுத்தும் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை என்னும் பதில்), மறுபடி அதே பெட்டி. கன்டெய்னரை எழுப்பும்போது வந்த எச்சரிக்கைதான் துப்புக் கொடுத்தது: "ஏபிஆர்1 என்ற மாறிக்கு மதிப்பு இல்லை, வெற்றாக எடுத்துக்கொள்கிறேன்." அப்படி ஒரு மாறியை நான் வைக்கவே இல்லையே!

கடவுச்சொல்லை நேராக எழுதாமல், அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்னும் எழுத்துச் சரத்தை, கன்டெய்னர்களை எழுப்பும் டாக்கர் காம்போஸின் கோப்பில் எழுதியிருந்தேன். அப்பாச்சி பாணி ஹாஷில் டாலர் குறி மூன்று இடங்களில் வரும், முதல் டாலருக்கு அடுத்து 'ஏபிஆர்1'. டாலரைக் கண்டாலே காம்போஸ் அடுத்து வருவதை மாறியின் பெயராக நினைத்துக்கொள்கிறது. ஹாஷில் பாதி காணாமல் போனபின் எந்தக் கடவுச்சொல் பொருந்தும்? ஒவ்வொரு டாலரையும் இரண்டாக எழுதியதும் கதவு திறந்தது. ஹாஷைத் தனிக் கோப்பில் வைத்தால் இந்த வம்பே இல்லை.

———

நண்பரே, எங்கள் அலுவலகக் கதை வேறு. அங்கே என்ஜின்எக்ஸ் என்னும் வலை சர்வர், முழுத் தளத்துக்கும் பேசிக் ஆத் பூட்டு. தளம் அசல்தான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் வாங்குகிறோம், அதற்கு ஆயுள் வழக்கமாக 90 நாள். அதைப் புதுப்பிக்க அவர்களுடைய சர்வர் 80-ஆம் போர்ட்டுக்கு வந்து ஒரு சிறு கோப்பைக் கேட்கும். அதற்கும் 401 காட்டி அனுப்பிவிட்டது எங்கள் பூட்டு! சான்றிதழ் காலாவதியானதும் சிலர் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே போகத் தொடங்கினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். பேசிக் ஆத்தில் கடவுச்சொல் ஒவ்வொரு கோரிக்கையோடும் பேஸ்64 வடிவில் போகிறது. அது மறையாக்கம் அல்ல, யாரும் நொடியில் பிரித்துவிடலாம். நம்பகமான டிஎல்எஸ் (சான்றிதழை வைத்து இணைப்பையே மறையாக்கும் முறை) இல்லாவிட்டால் பூட்டு வெறும் அலங்காரம். சான்றிதழ் சோதனைக்கான பாதைக்கு மட்டும் 'ஆத் பேசிக் ஆஃப்' என்று ஒரு வரி சேர்த்தோம். புதுப்பித்தல் தானாக நடக்கிறது.

———

மேலே சொன்னவற்றோடு ஒன்று. என்ஜின்எக்ஸில் கடவுச்சொல் கோப்பே இல்லையென்றால் 403 (அனுமதி மறுப்பு) வரும். கோப்பு இருந்தும் அதைப் படிக்க என்ஜின்எக்ஸுக்கு அனுமதி இல்லையென்றால் 500 (சர்வர் கோளாறு). இது தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

———

லாக் அவுட் பொத்தான் எங்கே என்று வீட்டில் கேட்கிறார்கள். பேசிக் ஆத்தில் அப்படி ஒன்று கிடையாது ஐயா, உலாவியை மூடச் சொல்லுங்கள்.