ஒன்பது வயதில் சவப்பெட்டியின் பின்னால் நடந்த பையன்: அவனைக் கேட்டார்களா?

லெஸ்டர் அம்மா:

வணக்கம். சென்ற மாதம் என் அப்பா கும்பகோணத்தில் காலமானார். நாங்கள் போய்ச் சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும் நேரம் வந்ததும் பெரியப்பா என் மகனையும் கூப்பிட்டார். அவனுக்கு ஒன்பது வயது. நான்தான் தடுத்தேன். "இங்கிலாந்திலேயே வளர்ந்த பிள்ளை, பயந்துவிடுவான்" என்று சொல்லி, அடுத்த தெருவிலிருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். என் அண்ணன் பிள்ளைகள் மூவரும் பிடித்தார்கள். கடைக்குட்டிக்கு ஏழு வயது.

ஊர் திரும்பிய பிறகு, பள்ளிப் பாடத்துக்காக இரண்டாம் எலிசபெத் அரசியின் இறுதிச் சடங்குக் காட்சியை அவனோடு சேர்ந்து பார்த்தேன். 2022 செப்டம்பர் 19, வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம். தேசியக் கொடி போர்த்திய பெட்டியின் பின்னால் அரசியின் கொள்ளுப்பேரன் இளவரசர் ஜார்ஜும் தங்கை சார்லட்டும் நடந்து வருகிறார்கள். கருநீலக் கோட்டு, கறுப்பு டை, தரையைப் பார்த்த முகம். அன்றைக்கு நேரலையில் பார்த்தபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உலகமே பார்க்க லண்டன் வீதியில் ஒரு குழந்தையை இப்படி நடக்கவிட்டார்களே என்று கோபம் வந்தது.

என் மகன் கேட்டது வேறு. "அம்மா, இவனுக்கு அப்போது என்ன வயது?" ஒன்பது என்றேன். "என் வயதுதான். இவனை மட்டும் எப்படி விட்டார்கள்?"

அன்று முழுவதும் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அந்தப் பையனை நடக்க வைத்தார்களா, நடக்க விட்டார்களா? அரச குடும்பத்து வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், க்ராய்டன்:

சகோதரி, அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல்.

முதலில் இரண்டு திருத்தங்கள். பெட்டியின் மேல் இருந்தது தேசியக் கொடியல்ல, ஆளும் அரசருக்குரிய ராயல் ஸ்டாண்டர்டு கொடி. இரண்டாவதுதான் முக்கியம்: ஜார்ஜும் சார்லட்டும் லண்டன் வீதிகளில் நடக்கவில்லை. அபேயின் உள்ளே மட்டும், தாய் தந்தையோடு சேர்ந்து நடந்தார்கள். வெளி ஊர்வலத்தில் தாயோடும், சார்ல்ஸ் மன்னரின் மனைவி கமிலாவோடும் காரில் சென்றார்கள். நான்கு வயதுத் தம்பி லூயி வரவே இல்லை. இந்த அளவுகளெல்லாம் தற்செயலாக அமைந்தவை என்று நான் நம்பவில்லை. அவர்களின் தந்தை வில்லியம் 1997 செப்டம்பர் 6 அன்று நடந்த நடை அப்படி.

அன்று வில்லியமுக்கு 15 வயது, ஹாரிக்கு 12. தாய் டயானாவின் பெட்டிக்குப் பின்னால் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையிலிருந்து அபே வரை ஏறத்தாழ ஒரு மைல் நடந்தார்கள். பெட்டியின் மேல் வெள்ளைப் பூக்கள், அவற்றோடு "மம்மி" என்று எழுதிய ஓர் உறை. சாலையின் இரு பக்கமும் முன்பின் தெரியாதவர்கள் கதறி அழுகிறார்கள். பிள்ளைகள் அழக் கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் எந்தக் குழந்தையையும் அப்படிச் செய்யச் சொல்லக் கூடாது என்று இருபது ஆண்டு கழித்து ஹாரி பேட்டி கொடுத்தார். 2022இல் இறுதிச் சடங்குக்கு முந்தைய ஊர்வலத்தில் பாட்டியின் பெட்டிக்குப் பின்னால் நடந்த மறுநாள், சாண்ட்ரிங்காமில் கூடியிருந்த மக்களிடம், அந்த நடை பழைய நினைவுகளைக் கிளறிவிட்டது என்று வில்லியமே சொன்னார்.

ஜார்ஜுக்கு அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் எப்படி இருந்தன என்று பாருங்கள். லாம்ப்ரூக் என்ற புதிய பள்ளியில் அவனுடைய முதல் முழு நாள் செப்டம்பர் 8. அன்றுதான் தந்தை, அரசி இருந்த ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகைக்குப் பறந்தார். பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளை அழைத்துவரத் தாய் வின்சரிலேயே இருந்துவிட்டார். "கான்-கான்" என்று அவன் கூப்பிட்ட கொள்ளுப்பாட்டி அன்று மறைந்தார். மறுநாள் தந்தை வேல்ஸ் இளவரசர். புதிய பள்ளியில் பையை எங்கே மாட்டுவது என்று பழகுவதற்குள் அந்தப் பிள்ளை அரியணைக்கு இரண்டாவது வரிசையில் நின்றான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்தவரும் ஒன்பது வயதில் இதே வாசலில் நின்றவர்தான். 1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார். எலிசபெத்துக்கு அவர் "கிராண்ட்பா இங்கிலாண்ட்". 1929இல் அவர் நோயிலிருந்து மீண்டு பாக்னரில் ஓய்வெடுத்தபோது, மூன்று வயது நிரம்பாத இந்தப் பேத்தியைத்தான் வரவழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கறுப்பு உடை உடுத்தி அவளை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு அஞ்சலி செலுத்த அழைத்துச் சென்றார்கள். அந்த நாள்களில் பொம்மைக் குதிரை ஒன்றுக்குச் சீவிவிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, நாம் இப்போது விளையாடலாமா என்று கேட்டாளாம். வீட்டு ஆசிரியை மரியன் கிராஃபோர்டு பின்னாளில் இதை எழுதிவைத்தார். துக்கத்தில் தன் பங்கு என்ன என்று தெரியாமல் தவிக்கும் பிள்ளையின் கேள்வி அது. உங்கள் மகன் கேட்டதும் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

கிளாஸ்கோ வாசகர்:

ஐயா சொன்ன வரலாற்றை ஏற்கிறேன். ஆனால் அபேக்குள் மட்டும் நடந்தான் என்பதால் மனம் ஆறவில்லை. உள்ளேயும் கேமரா இருந்ததே! ஒரு குழந்தை தன் கொள்ளுப்பாட்டிக்காக அழுதால், அந்த முகம் மறுநாள் உலகம் முழுவதும் முதல் பக்கத்தில் வரும் என்ற நிலையை எந்தப் பெற்றோர் விரும்புவார்கள்?

அவன் பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான். 2013 ஜூலை 22 அன்று பிறந்தான். மறுநாளே மருத்துவமனை வாசலில் துணி சுற்றிய குழந்தையை உலகத்துக்குக் காட்டினார்கள். 2015இல் குழந்தைகள் விளையாடும் இடத்தின் அருகே, ஒரு புகைப்படக்காரர் காரின் பின்பெட்டிக்குள் திரை கட்டி ஒளிந்திருந்து அவனைப் படமெடுக்கக் காத்திருந்தார். வில்லியம் குடும்பத்தின் அலுவலகமான கென்சிங்டன் அரண்மனையே அதை விவரித்துப் பகிரங்கக் கடிதம் எழுதியது. பெற்றோரின் புகழை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையின் அந்தரங்கத்தை எழுதக் கூடாது என்று பிரிட்டிஷ் பத்திரிகை ஆசிரியர்களின் நெறிமுறை சொல்கிறது. நெறிமுறை இருந்தும் இந்த நிலை.

இதைவிடக் கொடுமை, 2017 செப்டம்பரில் அவன் பேட்டர்சீயில் பள்ளி சேர்ந்த அடுத்த மாதமே நடந்தது. ஒருவன் பள்ளியின் முகவரியோடு அவன் படத்தை இணையத்தில் போட்டுத் தாக்குதலுக்குத் தூண்டினான். 2018இல் அந்த ஆளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குறைந்தது 25 ஆண்டுகள். அப்போது ஜார்ஜுக்கு நான்கு வயது. பிறப்பினால் வந்த பதவிக்கு ஒரு சிறுவன் கொடுக்கும் விலை இது. பெட்டிக்குப் பின்னால் நடந்ததை நான் தனியாகப் பார்க்கவில்லை. இந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

இரவுப்பணிச் செவிலி:

இறுதிநிலை நோயாளிகளின் இல்லத்தில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கிளாஸ்கோ நண்பரே, கேமரா விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அக்காவின் மகனுக்கு முன்னால் கேமரா இல்லை. அதனால் அவருக்கு மட்டும் சொல்கிறேன்.

அக்கா, துக்க வீட்டிலிருந்து பிள்ளையை அனுப்பிவிட்டால் அவன் எதையும் பார்க்க மாட்டான் என்று நினைக்கிறோம். பார்க்காததை அவனாகவே கற்பனை செய்துகொள்கிறான், அது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கிறது. "தாத்தா தூங்குகிறார்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தானும் தூங்கப் பயந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். உடல் சில்லென்று இருக்கும், பெரியவர்கள் சத்தமாக அழுவார்கள், நெருப்பு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு வருகிறாயா என்று கேளுங்கள். பாதியில் வேண்டாம் என்றால் அவனை வெளியே கூட்டிப் போக, அவனுக்குப் பிடித்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வில்லியம் குடும்பத்துக்கு இது புதிதல்ல. இழப்பைச் சந்தித்த குழந்தைகளுக்கான சைல்ட் பிரீவ்மென்ட் யூகே அமைப்புக்கு 2009 முதல் அவர்தான் புரவலர். 1994இல் அது தொடங்கியபோது துணை நின்றவர் அவருடைய தாய். 2021 அன்னையர் தினத்தில் ஜார்ஜும் சார்லட்டும் லூயியும் தாங்கள் பார்த்தே இராத "கிரானி டயானா"வுக்கு வாழ்த்து அட்டைகள் செய்தார்கள். அரசியின் சடங்குக்கு ஆறு மாதம் முன்பு, அதே அபேயில், கொள்ளுத்தாத்தா பிலிப்பின் நினைவு வழிபாட்டுக்கும் பெரிய பிள்ளைகள் இருவரையும் கூட்டிச் சென்றார்கள். இறந்தவர்களைப் பற்றி அந்த வீட்டில் பேசுகிறார்கள். அது தெரிகிறது.

லெஸ்டர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, வீதியில் நடந்தான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தப் பொம்மைக் குதிரையை என்னால் மறக்க முடியாது.

செவிலித் தங்கை எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை மகனிடம் பேசினேன். உன்னைக் கேட்காமல் அனுப்பியது என் தவறு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பந்தம் பிடித்தால் நெய் கையில் சொட்டுமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அண்ணன் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். கடைக்குட்டி எடுத்தாள். "கொஞ்சம் சொட்டியது. அப்பா என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், சுடவில்லை" என்றாள். இவன் என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அரை மணி நேரமாகிறது, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.